மூக்கு மாறிய தட்டு

நன்றி சொல்வதில் கலைமதி படுமோசம். அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. நம் பக்கத்தில் நன்றி என்பது மேடையில் பேசுகிறவர்களுக்கும் கல்யாண வீட்டு ஃபிளெக்ஸ் போர்டுக்கும் ஒதுக்கி வைத்த சொல். வீட்டுக்குள் ஒருத்தருக்கொருத்தர் அதைச் சொன்னால், உடம்புக்கு என்னமோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நாத்தனார் அஸ்வினி தையல் மெஷினைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "நீங்க போய்ப் படிங்கண்ணி, பிளவுஸுங்கள நான் பாத்துக்கறேன்" என்று சொன்ன அன்றைக்குக்கூடக் கலைமதி பதிலுக்குச் சொன்னது, "ஊசிய ஒடச்சிடாத" என்பதுதான்.

ஆனால் மனசுக்குள் அவளுக்கு அது பெரிய விஷயம். கலைமதி மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தவள். முடித்த கையோடு வளவனூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தாள். புருஷன் திருமுருகனுக்குக் கரும்பும் நெல்லும்தான் உலகம். நல்ல மனுஷன். வேலைக்குப் போகாதே என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. யாரும் தடுக்காமலே பத்து வருஷம் ஓடிப்போய், தெருவுக்கே பிளவுஸ் தைக்கிறவளாக அவள் ஆகிவிட்டாள். விழுப்புரத்தில் கம்ப்யூட்டரில் படம் வரையச் சொல்லித் தருகிறார்கள் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தவள் அஸ்வினி. அரசாங்கப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காக வீட்டில் காத்திருந்த பெண். ஊசியில் நூல் கோக்கவே கண்ணைச் சுருக்குகிறவள், அண்ணிக்காகத் தையல் கற்றுக்கொண்டாள்.

அந்த கம்ப்யூட்டர் சென்டர் விழுப்புரம் புது பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மாடியில். கீழே பிரியாணிக் கடை. பதினோரு மணிக்கு மேல் அங்கே யாருக்கும் பாடத்தில் புத்தி நிற்காது. சொல்லித் தருகிற சுதாகர் கலைமதியைவிடப் பத்து வயசு சின்னவன். முதல் நாளே "யக்கா" என்று கூப்பிட்டுவிட்டான். மற்றவர்கள் எல்லாம் அப்போதுதான் இன்ஜினியரிங் முடித்து வந்த பையன்கள். மவுஸைப் பிடித்தால் அவர்கள் கை பறக்கும். கலைமதியின் கையில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. முதல் மாதம் முழுக்க அவள் பஸ்ஸில் திரும்பும்போதெல்லாம் நாளைக்கு வரக் கூடாது என்றுதான் நினைத்துக்கொள்வாள். வீட்டுக்குப் போனால் அஸ்வினி கோணல்மாணலாகத் தைத்த ஒரு பிளவுஸ் கையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்த்துவிட்டு எப்படி நிற்பது? மறுநாளும் பஸ் ஏறிவிடுவாள்.

தகடு வேலைக்கான பாடம் வந்த நாளில்தான் எல்லாம் மாறியது. திரையில் ஒரு தட்டையான தகடு வரைய வேண்டும். அதன் ஓரத்தைத் தொட்டு இழுத்தால் சுவர் எழும்பும். நாலு ஓரத்தையும் இழுத்தால் பெட்டி. அப்புறம் ஒரே ஒரு பொத்தான். அதைத் தட்டினால் பெட்டி மடிப்பெல்லாம் பிரிந்து மறுபடியும் தட்டையாக விரிந்து படுத்துக்கொள்ளும். எந்த உருவத்தில் தகட்டை வெட்ட வேண்டும் என்று அது காட்டும். பையன்கள் கொட்டாவி விட்டார்கள். கலைமதி மட்டும் "அய்யோ!" என்று வாய்விட்டுக் கத்திவிட்டாள். பத்து வருஷமாக அவள் மனசுக்குள் செய்துவந்த காரியம் அது. எந்தப் பிளவுஸைப் பார்த்தாலும் அவள் கண் அதைப் பிரித்துப்போட்டுத் துண்டு துண்டாகத்தான் பார்க்கும்.

"தகடு மடங்குற எடத்துல கொஞ்சம் நீளும். அதையும் கணக்குல வெச்சித்தான் வெட்டணும்" என்று சுதாகர் விளக்கிக்கொண்டிருந்தான்.

"தையலுக்குத் துணி வுடுற மாதிரியா தம்பி?" என்று கேட்டாள் கலைமதி.

சுதாகர் அப்படியே நின்றான். "யக்கா, இத்தத்தான் நான் ஒரு வாரமா இவனுங்களுக்குத் தொண்டத்தண்ணி வத்தச் சொல்லிக்கினு இருக்கேன்!" அன்றிலிருந்து தகட்டுப் பாடம் என்றால் அவன் தையலில் ஆரம்பிப்பான். கலைமதிக்கு உச்சி குளிர்ந்து போகும்.

அப்புறம் டிராயிங். செய்த பொருளை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படித் தாளில் வைத்து அளவு போட வேண்டும். இதில் அவள் மெதுவு. அளவுக் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். சுதாகர் விடமாட்டான். "யக்கா, மெஷின்ல நிக்கிறவங்க உங்களுக்கு ஃபோன் போட்டுக் கேக்கக் கூடாது. பேப்பரே பேசணும்" என்று அழித்து அழித்துப் போட வைத்தான். சிடுசிடுப்பான பையன்தான். ஆனால் பாடம் முடிந்ததும் அவளுக்குத் தெரியாமல் திண்டிவனத்தில் ஒரு பட்டறைக்காரருக்கு ஃபோன் போட்டு, "எங்க கிளாஸ்ல தகட்டுக்குன்னே பொறந்த ஒரு அக்கா இருக்காங்க சார்" என்று சொன்னதும் அவன்தான். அவன் வந்து அதைச் சொன்னபோதும் கலைமதி கேட்டது, "பஸ்ஸு எங்க நிக்கும் தம்பி?" என்பதுதான்.

திண்டிவனத்தில் மரக்காணம் போகிற சாலையில் சவுரிராயனின் பட்டறை. உயரமான தகரக் கொட்டகை. ஒரு மூலையில் கண்ணாடித் தடுப்பு போட்டு ஒரு கம்ப்யூட்டர். பெரும்பாலும் கரண்ட் மீட்டர் பெட்டிகள் செய்கிற இடம். சவுரிராயன் மெஷின் சத்தத்தோடு போட்டிபோட்டுப் பேசிப் பழகியவர். அதனால் அமைதியான இடத்திலும் கத்தித்தான் பேசுவார்.

"இங்க பாரும்மா! மரக்காணத்துப் பக்கம் மீன் மார்க்கெட்டுக்கு ஆறு தட்டு. பொம்பளைங்க மீன் அரியிறதுக்கு. இத நீ டிராயிங் போட்டுக் குடு. தட்டு ஒழுங்காப் போய்ச் சேந்தா நீ இருக்கலாம். இல்லன்னா பேஜாரு பண்ணாம வீட்டுக்குப் போயிடணும், சரியா!"

சரி என்று தலையாட்டினாள். தலையாட்டுகிற அந்த நேரத்தில் அவள் கண்ணில் அஸ்வினியும் சுதாகரும், அவளுக்காகக் காலையில் தானே டீ போட்டுக் குடித்துவிட்டு வயலுக்குப் போகும் திருமுருகனும் வந்து போனார்கள். தோற்றால் அவள் மட்டும் தோற்பதாக இருந்தால் பரவாயில்லை. இத்தனை பேர் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டிருக்கிறார்களே!

தட்டு சுலபமானதுதான். அடியில் தட்டையான தகடு, மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் மட்டும் விரலளவு விளிம்பு. உட்கார்ந்திருக்கிறவளுக்கு இடதுகைப் பக்கம், பின்மூலையில், தண்ணீர் வடிய ஒரு மூக்கு. அந்த மூக்குதான் முக்கியம். மார்க்கெட் மேடையில் ஒவ்வொரு இடத்துக்கும் இடது மூலையில் குழாய்க்குத் துளை விட்டுச் சிமெண்டு பூசியாகிவிட்டது. மூக்கு அந்தத் துளையில் போய் உட்கார வேண்டும். இன்னொன்று, தகட்டில் ஒரு பக்கம்தான் வழவழப்பு. அது கீறாமலிருக்க நீல நிறத்தில் மெல்லிய பிலிம் ஒட்டி வரும். மறுபக்கம் சொரசொரப்பு. மீன் படுகிற பக்கம் வழவழப்பாக இருந்தால்தான் செதிலும் நாற்றமும் ஒட்டாது.

கலைமதி திரையில் தட்டைச் செய்தாள். சுவரை எழுப்பினாள், மூக்கை வைத்தாள், எல்லாம் கச்சிதம். பொத்தானைத் தட்டினாள், விரிந்தது. விரிந்த உருவத்தை டிராயிங் தாளில் கொண்டுவந்து வைத்தபோது கண்ணுக்கு என்னவோ உறுத்தியது. நல்ல பக்கம் மேலே தெரிகிற மாதிரி இருந்தது. தைக்கிறவர்கள் யாரும் துணியை அப்படிப் போட மாட்டார்கள். நல்ல பக்கத்தில் சாக்பீஸ் கோடு பட்டால் போச்சு. உட்பக்கத்தை மேலே வைத்துத்தான் கோடு போட வேண்டும், வெட்ட வேண்டும். பத்து வருஷமாக அவள் பார்த்ததெல்லாம் துணியின் முதுகைத்தான். படத்தைத் திருப்பிப் போட ஒரு சின்னக் கட்டம் இருந்தது, அதைத் தட்டினாள். படம் திரும்பியது. மடிக்கிற கோடுகளுக்குப் பக்கத்தில் 'அப்' என்று இருந்த குட்டி இங்கிலீஷ் எழுத்தெல்லாம் 'டவுன்' என்று மாறிக்கொண்டது. "கெட்டிக்காரப் பயலாத்தான் இருக்கான்" என்று கம்ப்யூட்டரை மெச்சிக்கொண்டு பிரிண்ட் எடுத்தாள்.

மடிக்கிற மெஷினில் நிற்பவள் இருதயமேரி. நாற்பத்தைந்து வயசு இருக்கும். தகட்டை வெட்டுவதும் தேய்ப்பதும் குமரேசன். அவன் அதிகம் பேசமாட்டான், எந்நேரமும் வாயில் பாக்கு. காலையிலேயே தாளை வாங்கிக்கொண்டு போய் ஆறு தகட்டையும் வெட்டிப்போட்டான். மேரி முதல் தகட்டை எடுத்து மெஷினில் வைத்து, நாலு மடிப்பு மடித்து மேஜையில் வைத்தாள்.

அந்தப் பட்டறையில் படம் போட்டவர்கள் யாரும் முதல் துண்டைப் பார்க்க மெஷின் பக்கம் வந்ததில்லை. கலைமதி வந்தாள். டேப்பைப் பிடித்து நீளம், அகலம், சுவர் உயரம், மூக்கின் அகலம் எல்லாம் அளந்தாள். ஒன்றுகூடப் பிசகவில்லை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் போட்டது கையால் தொடுகிற பொருளாக எதிரில் இருக்கிறதே!

"சூப்பர் யக்கா. போடுங்க" என்றாள்.

மேரி இரண்டாவது தகட்டை எடுத்தாள். மெஷினில் வைத்தாள். மெஷினை ஓட்டுகிற மிதியில் காலை வைத்தவள், எடுத்துவிட்டாள்.

"மேடம், இந்த மூக்கு எந்தக் கைப் பக்கம் வரணும்?"

"எடது கைப் பக்கம்."

"அதான் எனக்கும் ஞாபகம். அன்னிக்கு அந்த மரக்காணத்து அம்மா வந்தப்போ இந்தக் கையத்தான் நீட்டி நீட்டிப் பேசிக்கினு இருந்தாங்க" என்று சொல்லிக்கொண்டே மேரி, மடித்த தட்டைத் தரையில் வைத்து அதன் முன்னால் மீன் அரிகிறவள் மாதிரி குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். மூக்கு வலது பக்கம் இருந்தது.

கலைமதிக்கு ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. இந்தத் தப்பு அவளுக்கு நன்றாகப் பழக்கமான தப்பு. புதிதாகத் தைக்க வருகிறவர்கள் துணியைத் திருப்பிப் போட மறந்து, இரண்டும் ஒரே பக்கத்துக் கையாக வெட்டி வைப்பார்கள். போன மாதம் அஸ்வினிகூட அப்படி வெட்டிவிட்டு முழித்தாள். கலைமதி படத்தைத் தகட்டின் முதுகுப் பக்கமிருந்து பார்த்துப் போட்டுவிட்டாள். இங்கே குமரேசனோ எப்போதும் நீல பிலிமை மேலே வைத்துத்தான் வெட்டுவான். அதை அவனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. தட்டு என்றால் பிலிம் இருக்கிற பக்கத்தை உள்ளே வைத்து மேல்நோக்கி மடிப்பதுதான் மேரிக்கு வழக்கம். ஆகவே வலது இடமாக, இடது வலமாகப் போய்விட்டது. ஆறு தகடும் வெட்டியாயிற்று.

"பேப்பர்ல டவுன்னு போட்டிருந்துச்சே யக்கா" என்றாள் பலவீனமாக.

"அந்தக் குட்டி இங்கிலீஷ யாரு படிக்கிறது? படத்தப் பாப்பேன், அளவப் பாப்பேன். அவ்ளோதான்" என்றாள் மேரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப என் தப்பும் இருக்குது" என்று சேர்த்துக்கொண்டாள்.

பேப்பரில் இருக்கிறபடி கீழ்நோக்கி மடித்தால் மூக்கு சரியான பக்கம் வந்துவிடும். ஆனால் வழவழப்புப் பக்கம் அடியில் போய், மீன் படுகிற இடத்தில் சொரசொரப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்படி மடித்தாலும் கெட்டது, அப்படி மடித்தாலும் கெட்டது. புதுத் தகடு சென்னையிலிருந்து வர வேண்டும். தட்டு எடுத்துப்போக நாளைக் காலையில் ஆள் வருகிறார்கள்.

பாண்டிச்சேரிக்குப் போயிருந்த சவுரிராயனுக்குக் கலைமதி ஃபோன் போட்டாள். சுற்றி வளைக்கவில்லை. "சார், நான் படத்தத் திருப்பிப் போட்டுட்டேன். தட்டெல்லாம் மாறிப் போச்சு."

"எத்தினி வெட்டியாச்சு?"

"எல்லாம் வெட்டியாச்சு சார். ஒண்ணுதான் மடிச்சிருக்கு."

அந்தக் கத்தல் மனுஷன் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது. "வெச்சிடு" என்றார். ஃபோன் கட்டாகிவிட்டது.

அவ்வளவுதான், முடிந்தது என்று கலைமதி கைப்பையை எடுக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால், மேரியும் குமரேசனும் மீதி ஐந்து தகட்டையும் குப்புறப் போட்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"வருமா?" என்று கேட்டாள் மேரி.

குமரேசன் பாக்கைத் துப்பிவிட்டு வந்தான். "வரும். மொதல்ல முரட்டு வீல், அப்பால மெத்து வீல். சொரசொரப்பு போயிடும். பொழுது சாயறதுக்குள்ள முடிக்கலாம், ரெண்டு கை இருந்தா."

"மூணு கை இருக்குது" என்ற மேரி, கலைமதியிடம் ஒரு பழைய சட்டையை நீட்டினாள். "சுடிதாரு வீணாப் போயிடும். இத்த மேல போட்டுக்க."

"யக்கா, இது என் தப்பு. நீங்க எதுக்கு..."

"ஏய், இங்க கேளு. இந்தக் கண்ணாடி ரூம்ல இதுக்கு முன்னாடி எத்தினியோ பசங்க வந்து ஒக்காந்தானுங்க. ஒருத்தனும் மொதல் பீஸைப் பாக்க மெஷினாண்ட வந்ததில்ல. நீ வந்து பாத்த. தப்பாத்தான் பாத்த. ஆனா வந்து பாத்த இல்ல? போதும், ஜல்தி வா."

மேடம் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போது நீ என்று மாறினாள் என்று கலைமதி கவனிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு போனாள். தேய்க்கிற மெஷினைப் பிடிக்க குமரேசன் சொல்லிக் கொடுத்தான். அழுத்தினால் தகடு சூடேறி நிறம் மாறிவிடும், பிடியைத் தளர்த்தினால் மெஷின் கையை விட்டுப் பறக்கும். இரண்டுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். மதியம் சாப்பாட்டுக்குக்கூட யாரும் சரியாக உட்காரவில்லை. மேரி கொண்டு வந்த அவித்த மல்லாட்டைக் கடலையைக் கருப்புப் படிந்த கைகளோடு உரித்து வாயில் போட்டுக்கொண்டு மூவரும் வேலை செய்தார்கள். தேய்த்து முடித்த தகட்டை மேரி ஒவ்வொன்றாக எடுத்துப் போய், இந்த முறை பேப்பரில் இருந்த குட்டி எழுத்தைக் கலைமதியைப் படிக்கச் சொல்லிக் கேட்டு, அதன்படியே கீழ்நோக்கி மடித்தாள். ஐந்து தட்டுகள் எழுந்து நின்றன. மேரி மறுபடியும் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். மூக்கு இடது பக்கம்.

பஸ்ஸில் விக்கிரவாண்டி தாண்டும்போது கலைமதி தன்பாட்டுக்கு அழுதுகொண்டிருந்தாள். வேலை போய்விட்டதே என்று மட்டும் இல்லை. இன்னும் சரியாகப் பழகியிராத இரண்டு பேர் ஒரு நாள் முழுக்க அவளுக்காகத் தகடு தேய்த்திருக்கிறார்கள். கிளம்பும்போது அவர்களிடம் அவள், "வர்றேன்" என்று மட்டும்தான் சொன்னாள்.

வீட்டில் அஸ்வினி அவள் கோலத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். நடந்ததைச் சொன்னதும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"ரெண்டும் ஒரே கையா! அண்ணி, நீங்களா! போன மாசம் என்னை இன்னா திட்டு திட்டனீங்க!"

"வேல போயிடுச்சின்னு சொல்லிக்கினு இருக்கேன், சிரிக்கிறியே."

"போனா போவட்டும். வேற எடம் பாக்கலாம். ஆனா மெஷினத் திருப்பிக் கேக்காதீங்க, இப்பத்தான் எனக்குக் கழுத்து வெட்ட வந்திருக்குது" என்றாள் அஸ்வினி. அவள் பொய் சொல்கிறாள் என்று கலைமதிக்குத் தெரியும். கழுத்து இன்னும் அவளுக்குச் சரியாக வரவில்லை. அந்தப் பொய்க்காகவே அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. கருப்புக் கையோடு கட்டிக்கொண்டும் விட்டாள். அஸ்வினி "அய்யே, நைட்டி!" என்று கத்தினாளே தவிர விலகவில்லை.

மறுநாள் காலையில் கலைமதி பட்டறைக்குள் நுழைந்தபோது ஒரு சின்ன லோடு வண்டி நின்றுகொண்டிருந்தது. மரக்காணத்திலிருந்து பவுனு அம்மாள் வந்திருந்தார். மீன் விற்கிற பெண்கள் எல்லாருக்கும் சேர்த்து அவர்தான் பேசுகிறவர். சவுரிராயன் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கலைமதியைப் பார்த்துவிட்டு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பவுனு அம்மாள் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். தண்ணீர் வளைந்து ஓடி இடது மூலையில் மூக்கு வழியாக இறங்கியது. அடுத்து நகத்தால் தட்டை ஓரத்திலிருந்து ஓரம் வரை சுரண்டிப் பார்த்தார். கூடவே கொண்டுவந்திருந்த பையிலிருந்து ஒரு சங்கரா மீனை எடுத்துத் தட்டில் வைத்துச் செதிலைச் சரசரவென்று சீவினார். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினார். செதில் அத்தனையும் அடித்துக்கொண்டு போய்விட்டது.

"நல்லாக்கீது" என்றார். "ஆறு சொன்னேனே, அஞ்சுதானே இருக்குது?"

"ஒண்ணு மட்டும் சரியா வரலம்மா! புதுசா செஞ்சி நானே வண்டியில அனுப்பறேன்!" என்று கத்தினார் சவுரிராயன். குரல் திரும்பி வந்துவிட்டது. பவுனு அம்மாள் ஐந்தையும் ஏற்றிக்கொண்டு போனார். மூக்கு மாறிய தட்டு சுவரோரம் சாய்ந்து நின்றது.

"உள்ள வா" என்றார் சவுரிராயன்.

கண்ணாடித் தடுப்புக்குள் போனதும் அவர் கேட்டார். "எப்டி ஆச்சு இது?"

கலைமதி தையல் கதையைச் சொன்னாள். துணியின் முதுகு, சாக்பீஸ், பத்து வருஷம். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பத்து வருசப் பழக்கம் ஒரு நாள்ல போயிடுமா?"

"போவாது சார்."

"அப்ப நாளைக்கும் திருப்பித்தான் போடுவ!"

"போட்டாலும் போட்டுடுவேன் சார்." இப்படிச் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் சொல்லியாகிவிட்டது. "அதனால பேப்பர் மெஷினுக்குப் போறதுக்கு முன்னாடி யாராச்சும் ஒருத்தர் பாக்கணும் சார்."

"எனக்கு ஏதும்மா நேரம்?"

"உங்கள இல்ல சார். மேரி அக்கா பாக்கட்டும்."

"மேரியா? அதுக்கு இங்கிலீஷு..."

"தமிழ்ல எழுதறேன் சார். கம்ப்யூட்டர் தமிழும் எழுதுது."

சவுரிராயன் சுவரோரம் சாய்ந்திருந்த தட்டைத் திரும்பிப் பார்த்தார். "நேத்து நீ ஃபோன் பண்ணாம, நான் வந்து கண்டுபிடிச்சிருந்தா கதையே வேற" என்றார். அவருக்கு அது ரொம்பச் சின்னக் குரல். அப்புறம் வழக்கம்போல, "சாயங்காலம் ஷீட்டு வருது! ஆறாவது தட்டுக்கு டிராயிங்கப் போடு! அந்தக் கோணத் தட்ட நம்ம கை கழுவுற எடத்துல மாட்டச் சொல்லு, அங்க குழா வலது பக்கந்தான்!"

"சார், அப்ப நான்..."

"இன்னா அப்ப நான்? நாளையிலேந்து ஒம்போது மணிக்கு டாண்ணு வரணும். பஸ்ஸு லேட்டு, டோல்கேட்ல நின்னுக்கினு இருந்துச்சு, இந்தக் கதையெல்லாம் என்னாண்ட வேணாம்!"

"தேங்க்ஸ் சார்" என்றாள் கலைமதி. அது இங்கிலீஷ் என்பதால் சுலபமாக வந்துவிட்டது. மேரிக்கு அதைச் சொன்னால் போதாது என்று அவளுக்கே தெரிந்தது.

உட்கார்ந்து படத்தைப் போட்டாள். விரித்த தகட்டை இந்த முறை நல்ல பக்கத்திலிருந்து பார்த்து வைத்தாள். கண்ணுக்கு உறுத்தத்தான் செய்தது, உறுத்தட்டும் என்று விட்டாள். குட்டி இங்கிலீஷை அழித்துவிட்டுப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதினாள். நீலப் பிலிம் மேல் பக்கம். எல்லா மடிப்பும் மேல்நோக்கி. மூக்கு இடது கைப் பக்கம். தாளின் கீழ்மூலையில் இரண்டு கட்டம் உண்டு. வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார் என்று எழுத வேண்டிய இடம். இந்தப் பட்டறையில் இரண்டாவது கட்டத்தை இதுவரை யாரும் தொட்டதில்லை. அதிலும் எழுதினாள். பிரிண்ட் எடுத்து மெஷினுக்குக் கொண்டுபோனாள்.

மேரி தாளை வாங்கி விரல் வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். "நீலப் பிலிம் மேல் பக்கம். ம்ம். மேல்நோக்கி. ம்ம்." விரல் கீழ்மூலைக்கு வந்தது. "வரைந்தவர் கலைமதி. சரிபார்த்தவர்..." நின்றுவிட்டாள். "எம்பேரு எதுக்கும்மா இதுல?"

நேற்று பஸ்ஸில் அழுததையும், தகட்டுக் கருப்பு இன்னும் நகத்திலிருந்து போகாததையும், இந்த வேலை மேரியால்தான் கிடைத்தது என்பதையும் சேர்த்து ஏதாவது சொல்ல வேண்டும் என்று கலைமதி வாயைத் திறந்தாள். "நேத்து நீங்க மட்டும் மிதியிலேர்ந்து கால எடுக்கலன்னா..." என்று ஆரம்பித்தாள். முடிக்காமல், நகத்திலிருந்த கருப்பைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

மேரி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போய்க் கையைச் சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

"எம்பேரு போட்டா நான் பாக்கணும் இல்ல?" என்று தாளை மடியில் விரித்துக்கொண்டாள். ஒவ்வொரு கோடாக, ஒவ்வொரு அளவாக விரல் நகர்ந்தது. மூக்குக்கு அருகில் வந்து நின்றது. "இந்த மூக்கு ஓரத்துலேந்து எவ்ளோ தள்ளி வரணும்? அளவு எங்க?"

கலைமதி குனிந்து பார்த்தாள். நிஜமாகவே அந்த அளவைப் போட விட்டுப்போயிருந்தது.

"போட்டுக்கினு வா. அப்பறந்தான் எம்பேரு" என்று மேரி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

கலைமதி கண்ணாடித் தடுப்புக்கு ஓடினாள். அளவைப் போட்டு, புதுத் தாள் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மூக்கை மட்டும் பார்த்துவிட்டு மேரி கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று நினைத்தாள். மேரியோ கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். பக்கத்தில் நின்று அந்த விரல் போகிற வழியையே கலைமதி பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை அவள் வேலையை யாரும் இப்படிப் படித்ததில்லை.